இன்னும் ஒரே ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒருவரிடம் "உங்களிடம் எத்தனை பேஸ் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. "வாசிக்கிற நிலையில் இருப்பதைக் கேட்கிறீர்களா, மொத்தமாகவா?" என்று திருப்பிக் கேட்பார். ஒன்று நண்பர் வீட்டில் இருக்கும். ஒன்று கழற்றிப் போட்டபடி கிடக்கும். இன்னொன்றை விற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், விற்கமாட்டார். ஆனால் "அடுத்து எது?" என்று கேட்டால் தயக்கமே இருக்காது. மாடல், நிறம், எந்த வருடத் தயாரிப்பு என்பது வரை மனப்பாடமாகச் சொல்வார்.

இத்தனைக்கும் பெரும்பாலான பேஸ்களில் இருப்பது நான்கே கம்பிகள். மேடையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தோளில் மாட்ட முடியும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு அது பேஸா, சாதாரண கிட்டாரா என்பதே தெரியாது. அப்படியும் இந்த ஆசை ஏன் அடங்குவதில்லை?

இசைக்கலைஞர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம், அதாவது கருவி வாங்கும் நோய், சுருக்கமாக 'காஸ்'. ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் குழுவின் வால்டர் பெக்கர் 1994-ல் ஒரு கிட்டார் பத்திரிகையில் வேடிக்கையாக எழுதியதிலிருந்து இந்தப் பேச்சு பரவியது. அவர் சொன்னது கிட்டாரை மட்டும்தான். பிறகு பெடல் (ஒலியை மாற்றும் மிதி), ஆம்ப் (ஒலிபெருக்கி), கீபோர்டு, மைக் என்று எல்லாக் கருவிகளுக்கும் அது பொதுவாகிவிட்டது. பெயரில் 'சிண்ட்ரோம்' இருந்தாலும் எந்த மருத்துவரும் இதற்கு மாத்திரை எழுதித் தரமாட்டார். சைக்கிள் பிரியர்களிடமிருந்து வந்த ஒரு கணக்கும் இங்கே புழங்குகிறது: ஒருவருக்குத் தேவையான பேஸ்களின் எண்ணிக்கை, இப்போது இருப்பதோடு ஒன்று.

இதைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் விஷயத்தின் சுவையான பகுதி கைநழுவிப் போகும். இந்த ஆசையைக் கிளப்பிவிடுவதே உண்மையான வித்தியாசங்கள்தான். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே நிஜமாகவே வேறுபாடு இருக்கிறது. அதனால்தான் இதிலிருந்து தப்பிப்பது இவ்வளவு கஷ்டம்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது

முதலில் வாத்தியத்தைப் பார்த்துவிடுவோம். வழக்கமான பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. தடிமனான ஈ கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடிமனான ஈ கம்பிக்கு இது ஒரு ஸ்தாயி கீழே. 1930-களிலேயே மின்சார பேஸ் செய்து பார்த்தவர்கள் உண்டு என்றாலும், உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். அதற்கு முன்பு பேஸ் வாசித்தவர்கள் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதன் கழுத்தில் ஃப்ரெட் எனப்படும் உலோகக் குறுக்குக் கட்டைகள் கிடையாது. ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதை விரலும் காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரிசிஷனில் ஃப்ரெட் இருந்தது, அழுத்திய இடத்தில் ஸ்வரம் துல்லியமாக விழுந்தது.

1957-ல் பிரிசிஷனுக்கு இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் வந்தது. கம்பிக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும் பகுதிதான் பிக்கப், அதுதான் அதிர்வை மின்சாரமாக்குகிறது. பிறகு 1960-ல் ஃபெண்டரே ஜாஸ் பேஸை வெளியிட்டார். முதல் தொற்று அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன். ஒரே நிறுவனம், ஒரே நீளக் கம்பி, ஒரே நான்கு ஸ்வரம், ஆனால் கையில் எடுத்தால் வேறு வாத்தியம்.

இரண்டையும் அடுத்தடுத்து மாட்டிப் பார்த்தால் இடது கைக்குத்தான் முதலில் தெரியும். ஜாஸ் பேஸின் நெக், அதாவது கழுத்து, தலைப்பக்கம் சுமார் 38 மில்லிமீட்டர் அகலம்தான். பழைய பிரிசிஷன்களில் அது 44 வரை போகும். சொல்லும்போது சில மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட்டில் விரல்களை விரித்து வேகமாக ஒரு வரியை வாசிக்கும்போது அது பெரிய தூரம். பிரிசிஷனில் உள்ளங்கை நிறைய ஒரு கட்டை இருப்பது போலிருக்கும். ஜாஸில் விரல்கள் தானாக ஓடும். சிலருக்கு இந்த ஓட்டம்தான் பிடிக்கும். சிலருக்கு அந்தக் கட்டை கொடுக்கும் தைரியம் வேண்டும்.

அப்புறம் சத்தம். கம்பியைத் தட்டினால் அது முழு நீளத்துக்கு ஒருமுறை அசைகிறது. அதே நேரத்தில் பாதியாகப் பிரிந்தும், மூன்றில் ஒரு பங்காகவும், இன்னும் சிறுசிறு பகுதிகளாகவும் அசைகிறது. முழு நீள அசைவு தருவது அடிப்படை ஸ்வரம், சின்ன அசைவுகள் தருவது அதற்கு மேலே கேட்கும் உபசுரங்கள். கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் முழு அசைவுக்கு இடமே இருக்காது, சின்ன அசைவுகளின் பங்குதான் அங்கே அதிகம். ஆகவே பிரிட்ஜ் பக்கம் இருக்கும் பிக்கப் கூர்மையாக, மூக்கால் பேசுவது போல ஒலிக்கும். நெக் பக்கம் நகர நகரச் சத்தம் உருண்டு திரண்டு கனக்கும். பிரிசிஷனின் பிக்கப் இடையில் ஒரு இடத்தில் நிற்கிறது. ஜாஸில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடு அலைவரிசைகளில் சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அந்தக் குழிவான ஒலிதான் அதன் முத்திரை. ஒன்றை மட்டும் திறந்தால் மின்சார இரைச்சல் லேசாகக் கேட்கும், இரண்டும் சேர்ந்தால் அடங்கிவிடும். பிரிசிஷனின் துண்டு பிக்கப்பில் அந்தத் தொல்லை ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இதில் இன்னொரு வழியைப் பிடித்தது. பிரிட்ஜை நோக்கித் தள்ளிவைத்த ஒரே ஒரு பெரிய பிக்கப், உள்ளே பேட்டரியில் ஓடி ஒலியை முன்கூட்டியே பெருக்கும் ப்ரீஆம்ப். கட்டைவிரலால் அடித்து வாசிப்பவர்கள் அதன் வெட்டும் ஒலிக்கு மயங்கினார்கள். ஹாஃப்னர் 500/1 நேர் எதிர்த் திசை. வயலின் வடிவம், உள்ளே கூடு, கம்பியின் நீளம் 30 அங்குலம்தான், ஃபெண்டரில் 34. நீளம் குறைந்தால் அதே ஸ்வரத்துக்கு இழுவிசை குறைவாகப் போதும். கம்பி தளர்வாக இருக்கும், ஒலி மழுங்கி உருண்டு வரும், விரலுக்கும் சுகம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் ஒன்றை வாங்கினார், மீதி ஊரறிந்தது.

ஐந்து கம்பி பேஸ் கீழே ஒரு பி கம்பியைச் சேர்க்கிறது, வினாடிக்குச் சுமார் 31 அதிர்வு. ஆறு கம்பியை 1975-லேயே ஆந்தனி ஜாக்சன் என்ற பேஸ் கலைஞர் தனக்காகச் செய்யச் சொல்லி வாங்கிவிட்டார். ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் தனி உலகம். அதில் விரல் மரத்தின் மேலேயே வழுக்குகிறது, ஸ்வரம் பாடுவது போல இழைகிறது, கொஞ்சம் பிசகினாலும் மானம் போகிறது. பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இல்லாமல் வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தன் பேஸின் ஃப்ரெட்டைப் பிடுங்கிப் போட்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பிறகு ஃப்ரெட் உள்ள இன்னொரு பேஸை வாங்க வேண்டி வந்தது. அது வேறு கதை.

இப்போது எண்ணிப் பாருங்கள். பிரிசிஷன் வகையில் ஒன்று, ஜாஸ் வகையில் ஒன்று, ப்ரீஆம்ப் உள்ளது ஒன்று, குட்டை பேஸ் ஒன்று, ஐந்து கம்பி ஒன்று, ஃப்ரெட்லெஸ் ஒன்று. ஆறு ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் மற்றது செய்யாத ஒரு வேலையைச் செய்கிறது. பொய்யே சொல்லாமல், மனசாட்சியோடு ஒருவர் ஆறு பேஸ் வாங்கிவிட முடியும். ஏழாவதிலிருந்துதான் காரணங்களைத் தேட வேண்டியிருக்கும். அதற்குள் காரணம் தேடுவதில் நல்ல பயிற்சி வந்துவிடும்.

காது செய்யும் சதி

மேலே சொன்ன வேறுபாடுகள் எல்லாம் தனியாக வாசிக்கும்போது பளிச்சென்று கேட்கும். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்ததும் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். கிக் டிரம்மும் பேஸும் ஒரே கீழ்ப்பகுதியில் நெரிகின்றன. கிட்டார்களும் சிம்பல்களும் மேல்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. பேஸுக்கு மிஞ்சுவது நடுவில் ஒரு சின்ன ஜன்னல்தான். வீட்டில் "சே, இது கொஞ்சம் மூக்கொலியா இருக்கே" என்று தள்ளிவைத்த ஒலிதான் அந்த ஜன்னல் வழியாகத் தெளிவாக வெளியே வரும். வீட்டில் தனியாகக் கேட்டுக் கிறங்கிய கனமான ஒலி குழுவுக்குள் காணாமல் போகும். ஆகவே தனியாகக் கேட்டுத் தேர்ந்தெடுத்த பேஸ் ஒத்திகையில் ஏமாற்றுவது அடிக்கடி நடக்கும். ஏமாற்றியதும் என்ன தோன்றும்? சரிதான், வேறு பேஸ் வேண்டும் என்றுதான்.

கடையில் நடப்பது இன்னும் தந்திரமானது. மனிதக் காது எல்லா அலைவரிசைகளையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1933-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ் ஸ்வரங்கள் நமக்கு மற்றவற்றைவிட மிகவும் மெலிந்து கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் அவை நிமிர்ந்து எழும். வீட்டில் பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்று ஒலியைக் குறைத்து வாசிக்கிறோம், பேஸ் வற்றிப்போனது போல ஒலிக்கிறது. கடையில் பெரிய ஆம்பில் தாராளமாகத் திறந்துவிடுகிறார்கள், அதே ஸ்வரம் வயிற்றில் இறங்குகிறது. புகழ் போய்ச் சேர்வது புதிய பேஸுக்கு. செய்தது என்னவோ ஒலியளவு.

இதோடு கம்பியும் சேர்ந்துகொள்ளும். கடையில் தொங்கும் பேஸில் பெரும்பாலும் மேலே உருண்டைக் கம்பி சுற்றிய புத்தம்புது ரவுண்ட்வூண்ட் கம்பி இருக்கும், பியானோ போல ஒலிக்கும். வீட்டில் இருப்பதில் வியர்வையும் தூசும் சுற்றுக்குள் புகுந்து மந்தமான கம்பி. ஒப்பிடுவது இரண்டு பேஸ்களை என்று நினைத்துக்கொண்டு இரண்டு செட் கம்பிகளை ஒப்பிடுகிறோம். இந்த ரவுண்ட்வூண்ட் கம்பியே பழைய சமாச்சாரம் இல்லை. 1966-ல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து தனக்கு வேண்டியதைச் செய்ய வைத்தவர் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில். அதற்கு முன்பு மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வூண்ட்தான் வழக்கம். ஒரே பேஸில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பேஸை மாற்றினால்கூட இத்தனை வித்தியாசம் வராது என்று தோன்றும்.

தேடுவதே பாதி இன்பம்

இந்த ஆசை ஒருவருக்கு எப்போது தலைதூக்குகிறது என்று கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். வாசிப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நாட்களில் அது பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வரி வேகத்தில் வராமல் அடம்பிடிக்கும்போது, குழு கலைந்து சும்மா இருக்கும்போது, அதே நான்கு பாட்டை வாசித்து அலுத்துப்போன சமயத்தில்தான் வந்து உட்காரும். பயிற்சி செய்தால் முன்னேற்றம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். புது பேஸ் தேட ஆரம்பித்தாலோ அந்த நிமிடமே ஏதோ நகர்வது போலிருக்கும். நெக்கின் வளைவு எத்தனை அங்குல ஆரம், பிக்கப்பில் எந்தக் காந்தம், உடல் ஆல்டர் மரமா ஆஷ் மரமா என்று படித்துக்கொண்டே போவது படிப்பு போலவும் இருக்கும், உழைப்பு போலவும் இருக்கும். நள்ளிரவு தாண்டியிருக்கும், பேஸ் ஸ்டாண்டில் தொடப்படாமல் நிற்கும், ஆனால் மனசுக்கு அன்றைக்கு இசைக்காக நிறைய செய்துவிட்ட திருப்தி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர்கள் ஒரு படி மேலே போய்ப் புதுக் கூடத்துக்கு விலை விசாரிக்கிறார்கள்.

மூளை ஆராய்ச்சியாளர் கென்ட் பெர்ரிட்ஜ் காட்டிய ஒரு வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒன்றை வேண்டும் என்று ஏங்குவதும், அது கிடைத்தபின் ரசிப்பதும் மூளையில் ஒரே வேலை இல்லை. இரண்டுக்கும் வேறுவேறு அமைப்புகள். டோபமின் என்ற மூளை ரசாயனத்தை எல்லோரும் சொல்கிறோமே, அதற்கு ஏக்கத்தோடுதான் நெருக்கம் அதிகம். ஆகவே ரசிப்பு கூடாமலேயே ஏக்கம் மட்டும் வளர முடியும். பார்சல் வரும் நாள் வரை துடித்துவிட்டு, பெட்டியைத் திறந்து கொஞ்ச நாளிலேயே "நல்லாத்தான் இருக்கு" என்ற அளவுக்கு இறங்கிவிடுவது இதனால்தான். ஆசைப்பட்டது பொய்யில்லை. அது ரசிப்புக்கு அச்சாரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பழகப் பழக எந்தப் புது மகிழ்ச்சியும் பழைய மட்டத்துக்கே திரும்பிவிடும் என்பதை பிரிக்மன், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் 1971-லேயே எழுதிவிட்டார்கள். பேஸ் வாசிப்பவர்கள் அதை வருடம்தோறும் சொந்தச் செலவில் உறுதிசெய்கிறார்கள்.

ஒரு பொருள் இன்னொன்றைக் கூட்டி வருவது தனிக் கதை. பிரெஞ்சு எழுத்தாளர் டிடரோ 1769-ல், புதிதாக வந்த ஒரு சிவப்பு அங்கியால் வீட்டில் இருந்த மற்ற சாமான்கள் எல்லாம் மட்டமாகத் தெரிய ஆரம்பித்த அவஸ்தையை எழுதினார். கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் 1988-ல் இதற்கு 'டிடரோ விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார். ஐந்து கம்பி பேஸ் வாங்கியவருக்கு மறுவாரமே தெரியவரும், சின்ன ஆம்பில் அந்த பி கம்பி உதறுகிறது. பெரிய ஸ்பீக்கர் வேண்டும். அது வந்தால் தூக்கிச் செல்ல உறை வேண்டும். ஃப்ரெட்லெஸ் வாங்கினால் அதற்கென்று கம்பி, அப்புறம் ஒலியைப் பல குரலாக விரிக்கும் ஒரு கோரஸ் பெடல்.

பழைய சரக்குச் சந்தை இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. நல்ல பேஸ் பல வருடம் ஆனாலும் விலை முழுதாகச் செத்துப்போகாது. "பிடிக்கலைன்னா வித்துடலாம், பெரிசா நட்டம் வராது" என்ற வாதம் அதிலிருந்துதான் பிறக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் விற்றவர்களில் பலர் சில வருடம் கழித்து அதே மாடலை, சிலர் அதே பேஸையே, கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குகிறார்கள். வீட்டில் உள்ளவர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். வாசிக்காதவர்களின் கண்ணுக்கு, ஓரம் கறுத்து நடுவில் மஞ்சளாக மின்னும் சன்பர்ஸ்ட் பேஸ் எல்லாம் ஒன்றேதான். ஒன்று போய் இன்னொன்று வந்தால் கண்டுபிடிக்க முடியாது. பேஸ்காரர்கள் சன்பர்ஸ்டை விரும்புவதற்கு அழகு மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

ஒன்று வைத்திருந்தவரும் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவரும்

ஒரே பேஸ் போதும் என்பவர்கள் எடுத்துக்காட்டும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960-களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது அவர் விரல். ஆமாம், ஒருமைதான். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தட்டி வாசித்தார். வாத்தியம் 1962 பிரிசிஷன், கனமான ஃப்ளாட்வூண்ட் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். புதிதாக எதுவும் போடாததால் கிடைத்த அந்த மந்தமான, குத்தும் ஒலியைப் பிடிக்கத்தான் இன்றைக்குப் பலர் புதிது புதிதாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபக்கம் என்ட்விசில். 2002-ல் அவர் இறந்தபின், சேர்த்துவைத்திருந்த கிட்டார்களும் பேஸ்களும் அடுத்த வருடம் லண்டன் சதபீஸில் ஏலத்துக்கு வந்தன. உடைந்த பிரிசிஷன்களின் பாகங்களைச் சேர்த்து அவரே கோத்து, 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்று பெயரிட்ட பேஸும் அதில் இருந்தது. ரஷ் குழுவின் கெடி லீ சேர்த்தவை 250-ஐத் தாண்டும். அவற்றைப் படம்பிடித்து 2018-ல் பெரிய புத்தகமாகவே போட்டார். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் ரசிகர்களுக்கு நினைவு வரும் கறுப்பு 1972 ஜாஸ் பேஸ் எங்கே வாங்கியது தெரியுமா? மிச்சிகனில் ஒரு அடகுக் கடையில், சுமார் 200 டாலருக்கு. அதை வாங்கியபின் அது பல வருடம் ஓரமாகக் கிடந்தது, முக்கிய பேஸாக மாறியது பிற்பாடுதான். சேகரிப்பவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். இன்றைக்குச் சும்மா கிடப்பது நாளைக்கு என் கறுப்பு ஜாஸ் பேஸாகலாம் இல்லையா?

என்னைக் கேட்டால், சேகரிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. தபால்தலை சேர்ப்பவரிடம் "எத்தனை கடிதம் போட்டீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. சேகரிப்பைத் தேவை என்று தனக்குத்தானே நிரூபிக்க முயலும்போதுதான் பணமும் நேரமும் வீணாகின்றன.

வாங்குவதற்கு முன்

கை அரிக்க ஆரம்பித்தால் முதலில் செய்ய வேண்டியது கம்பி மாற்றுவது. ஒரு செட் கம்பியின் விலை ஒரு பேஸின் விலையில் சின்னத் துணுக்கு. வெளிச்சமான ஒலி வேண்டுமென்றால் புது ரவுண்ட்வூண்ட், பழைய சோல் இசையின் உருண்ட ஒலி வேண்டுமென்றால் ஃப்ளாட்வூண்ட். பிரிட்ஜ் அருகே கம்பிக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டைச் செருகிப் பாருங்கள். ஸ்வரம் சட்டென்று அறுந்து விழும், டபுள் பேஸின் சாயல்கூட வரும். அடுத்தது செட்டப். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கோலைச் சரிசெய்து, கம்பியின் உயரத்தையும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில்களையும் பிக்கப் உயரத்தையும் ஒழுங்குபடுத்தினால், "இந்த பேஸ் எனக்கு ஒத்துவரலை" என்ற புகாரில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினாலே சத்தம் மென்மையாகும், அதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

கீழே போக ஆசையா? ஈ கம்பியை டி-க்கு இறக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் ஐந்து கம்பி செட்டின் தடிமனான நான்கை எடுத்து பி, ஈ, ஏ, டி என்று கட்டலாம், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் நட்டில் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டி வரும். சில மாதம் அப்படி வாசித்த பிறகும் மேலே ஜி கம்பி இல்லாமல் கை தவித்தால், சரி, உங்களுக்கு ஐந்து கம்பி பேஸ் நிஜமாகவே தேவை.

வலது கையையும் மறக்க வேண்டாம். நெக்குக்குப் பக்கத்தில் தட்டினால் ஒரு பேஸ், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தட்டினால் இன்னொரு பேஸ், உள்ளங்கை விளிம்பைக் கம்பியில் வைத்துக் கட்டைவிரலால் வாசித்தால் மூன்றாவது. டோன் குமிழை எப்போதும் முழுதாகத் திறந்தே வைத்திருப்பவர்கள் அதைப் பாதிக்குக் குறைத்துப் பார்த்தால் நான்காவது. பிக்கப்பின் இடம் பற்றி மேலே சொன்ன அதே இயற்பியல்தான் விரலின் இடத்துக்கும்.

வாங்கியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. எடை தோளையும் முதுகையும் வாட்டினால் குட்டையான, இலகுவான பேஸுக்கு மாறுவது ஆடம்பரம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு மேடையேறுபவருக்கு ஒரு மாற்று பேஸ் கட்டாயம் வேண்டும், நடுப்பாட்டில் வயர் செருகும் ஜாக் கழன்றால் அங்கே சால்டரிங் செய்துகொண்டிருக்க முடியாது. ஃப்ரெட்லெஸ்ஸுக்குப் பதிலாக வேறு எதுவும் நிற்காது. இவற்றைத் தாண்டினால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: எந்தப் பாட்டில், எந்த இடத்தில், இப்போதிருக்கும் பேஸ் கைவிட்டது? குறிப்பிட்ட ஒரு பாட்டைச் சொல்ல முடிந்தால் வாங்கலாம். "பொதுவா எல்லாத்துக்கும் நல்லாயிருக்கும்" என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

அப்புறமும் கடைக்குப் போவதென்று முடிவானால், ஆம்ப்பைத் தொடுவதற்கு முன்பு பேஸைச் சும்மா வாசித்துப் பாருங்கள். மரத்தின் அதிர்வு உடம்பில் தெரியும், ஃப்ரெட் உரசுவதும் கேட்கும். உட்கார்ந்தபடியே முடிவெடுக்காதீர்கள். ஸ்ட்ராப்பில் மாட்டி எழுந்து நின்று இடது கையை எடுங்கள். நெக் தரையை நோக்கிச் சாய்ந்தால் கச்சேரி முழுக்க அதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். ஜி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி வாசியுங்கள். பல பேஸ்களில் அந்த இடத்தில்தான் ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். அதை எந்தச் செட்டப்பும் முழுதாகச் சரிசெய்யாது. பிறகு ஆம்ப்பை வீட்டில் வைக்கும் ஒலியளவுக்கு இறக்கி, குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்துக் கேளுங்கள்.

முடிந்தால் உங்கள் பேஸையும் கையோடு எடுத்துப்போய் அதே ஆம்பில், அதே ஒலியளவில் மாற்றி மாற்றி வாசியுங்கள். போவதற்கு முந்தைய நாள் அதற்குப் புதுக் கம்பி போட்டுவிட வேண்டும், அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். கம்பி போட்டு, சுருதி சேர்த்து, சும்மா ஒரு பாட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதையே மறந்துபோனவர்களும் உண்டு.